தெருப்பக்கத்துக் கார்டு

ஜனவரி 9, 2001. செவ்வாய்

மைனஸ் முப்பத்தொன்று. ராத்திரி என்ஜின் உறையாமலிருக்கக் காருக்கு மின்கம்பியைச் செருக மறந்துவிட்டு, காலையில் அதைக் கிளப்ப ஆர்னி முக்கால் மணி நேரம் போராடினான். பிறகு உள்ளே வந்து என்னோடு போராடினான்.

சண்டை வழக்கமானதுதான். வீட்டுக்குள் வரும் இணையக் கம்பி ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு. டாக்டர் சாங்ஸ்டர் பேசிப் பதிவு செய்யும் கடிதங்களை நான் தட்டச்சு செய்து தினமும் நான்கு மணிக்குள் கிளினிக்குக்கு அனுப்பியாக வேண்டும். தானியக் கிடங்கில் நவம்பரில் வேலை போனதிலிருந்து ஆர்னி பாதி நேரம் வேலை தேடுகிறான், பாதி நேரம் முகம் தெரியாத யாருடனோ சீட்டாடுகிறான். ஒருவர் கம்பியைப் பிடுங்கினால்தான் இன்னொருவர் செருக முடியும். குழாயடிச் சண்டைக்குக் குடம்தான் பாக்கி.

இரண்டாவது கம்ப்யூட்டருக்குக் கேபிள்காரர்கள் மாதாமாதம் தனியாகக் கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒன்றுதான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. "ஒரே வீடு, ஒரே கம்பி, எதுக்கு ரெண்டு தடவ குடுக்கணும்? நானே பாத்துக்கறேன்" என்கிறான். போன தடவை அவன் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது குளியலறைக் கூரை இறங்கியது.

ஜனவரி 13, சனி

செய்தேவிட்டான்.

என் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தினான். ஒன்றில் வெளியிலிருந்து வரும் கம்பி. மற்றதிலிருந்து ஒரு நீலக் கம்பி, சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஊர்ந்து அவன் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

"ஒரு கார்டு தெருவப் பாத்திருக்கு, ஒண்ணு வீட்டப் பாத்திருக்கு. தெருவுக்குத் தெரியறது உன் கம்ப்யூட்டர் மட்டும்தான். நான் உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன்."

"புதுசா என்ன, கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான" என்றேன். சிரித்தான். நவம்பருக்குப் பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அதற்காகவே கேபிள்காரர்களை மறந்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு சிக்கல் மட்டும். தள்ளுபடியில் ஜோடியாக வாங்கிய கார்டுகள், அச்சு அசல் ஒன்றுபோல. திரையில் இரண்டுக்கும் ஒரே பெயர். அரை மணி நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "எது தெரு, எது வீடுன்னு தெரியல. பிரிண்டரப் பகிர்றது, ஃபைலப் பகிர்றது எல்லாத்துக்கும் ரெண்டுலயும் டிக் போட்டுட்டேன். ஏதோ ஒண்ணு வேலை செஞ்சிடும்" என்றான். செய்தது. இனி அவனும் என் பிரிண்டரில் அச்சடிக்கலாம். ஒரே நிபந்தனை, என் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது தூங்கினால் அவனுக்கு இணையம் இல்லை.

சவுனாவின் நீராவிச் சூட்டில் உட்கார்ந்தபடி அதையே மூன்று தடவை சொன்னான். காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியைக் கிளப்பி அவன் வாயை அடைத்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

ஆர்னி பதினோரு விண்ணப்பங்கள் அச்சடித்திருக்கிறான். சண்டை இல்லாத நான்காம் நாள்.

ஜனவரி 22, திங்கள்

இந்த வேலையில் சில நாட்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி எறியத் தோன்றும். இன்று அப்படி.

டேப்பில் ஏழாவது கடிதம். டாக்டர் எப்போதும்போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: மெல்னிக், ஓரெஸ்ட். பக்கத்து வீடு. நம்முடைய நடைபாதையிலும் பனியைத் தள்ளிவிட்டு, கேட்டால் "மெஷின் தானா இந்தப் பக்கம் வந்துடுச்சு" என்பாரே, அவர்தான். நுரையீரலில் கட்டி. பெரிய மருத்துவமனையின் அறுவை மருத்துவருக்கு எழுதும் கடிதம். பிப்ரவரி 6 அன்று ஓரெஸ்டைக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அன்றுதான் டாக்டர் சொல்வார். கடைசி வரி: நோயாளி இதை இன்னும் அறியார், முற்றுப்புள்ளி.

டேப்பை ஓட்டும் பெடலிலிருந்து கால் வழுக்கிவிட்டது. திரும்ப ஓட்டிக் கேட்டேன். அதேதான்.

மூன்று மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் பனி தள்ளிக்கொண்டிருந்தார். கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். காதில் கேட்டது வாய்க்கு வரக்கூடாது. இந்தப் பதினான்கு வருடத்தில் ஆர்னியிடம்கூட ஒரு பெயர் சொன்னதில்லை. ஆனால் ஆட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

ஜனவரி 24, புதன்

மதியம் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். ஆர்னி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போயிருந்தான். வீட்டில் நான் மட்டும்.

பிரிண்டர் தானாக உறுமத் தொடங்கியது. ஒரு தாளை இழுத்தது, அடித்தது, தள்ளியது. மூன்று வரிகள்.

இது வருகிறதா
இது வருகிறதா
இது வருகிறதா

சூப்பை அப்படியே வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் எதுவும் திறந்திருக்கவில்லை. நான் அடிக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை. பிறகு யார்?

ஜனவரி 26, வெள்ளி

ஆர்னியிடம் தாளைக் காட்டினேன். தான் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான். "பிரிண்டருக்குப் பேய் பிடிச்சிருக்கு, சவுனாவுல ஒரு மணி நேரம் போட்டா இறங்கிடும்" என்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிள்காரர்களாக இருக்குமோ? திருட்டுத்தனமாக இரண்டாவது கம்ப்யூட்டர் வைத்திருப்பதைக் கண்டுபிடித்துச் சோதித்துப் பார்க்கிறார்களோ? மூடி வைத்த பிரிண்டர் மேல் கனமான அகராதியைத் தூக்கி வைத்திருக்கிறேன். தாள் வராமல் தடுக்க அது போதாது என்று தெரியும். இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

நல்ல வேளை, இதை நோட்டில் கையால் எழுதுகிறேன்.

ஜனவரி 29, திங்கள்

அகராதியோடு சேர்த்து உறுமியது. காலை பதினொன்றரை. தாள் பாதியில் சிக்கிக்கொண்டு மடங்கி வந்தது. பிரித்துப் படித்தேன்.

உங்கள் கதவு திறந்திருக்கிறது. வேறு யாராவது உள்ளே வருவதற்குள் சாத்துங்கள்.

வேறு யாராவது. அப்படியென்றால் ஒருவர் ஏற்கெனவே வந்துவிட்டார்.

முன்கதவைப் பார்த்தேன், பூட்டியிருந்தது. பின்கதவு, பூட்டியிருந்தது. நிலவறை ஜன்னலைக்கூட இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் புரிந்தது, சொல்வது அந்தக் கதவை இல்லை. எந்தக் கம்பி எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டேன்.

ஆர்னி வந்து பார்த்தான். இந்தத் தடவை பேய் என்று சொல்லவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

ஆர்னி காலை முழுதும் என் கம்ப்யூட்டர் முன்னால். கம்பியைத் திரும்பச் செருகி, பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டர்களைக் காட்டும் பட்டியலைத் திறந்தான். அதில் நம்முடையவை இரண்டு மட்டும்தான் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. VERNA, ARNIE. பிறகு KITCHEN. BIGDAVE. கடைசியில் OREST.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதது போல.

"தெருக்காரங்க" என்றான். "ஒரே கேபிள்ல தொங்குற வீடுங்க. ரெண்டு கார்டுலயும் டிக் போட்டேன்ல. தெருப்பக்கத்துக் கார்டுலயும் பகிர்ந்துட்டேன், வெர்னா. உன் பிரிண்டர், உன் டிஸ்க், எல்லாத்தையும். தெரு மொத்தத்துக்கும்."

பதினேழு நாட்கள்.

தெருக் கம்பி எந்தக் கார்டில் இருக்கிறது என்று கடைசியில் கண்டுபிடித்து அதற்கு மட்டும் டிக்கை எடுத்தான். இனிமேல் குழம்பாமல் இருக்க என் சிவப்பு நகப்பூச்சை வாங்கி அந்தக் கார்டின் முனையில் ஒரு பொட்டு வைத்தான். பட்டியலில் இப்போது இரண்டே பெயர்கள். "சரியாயிடுச்சு" என்றான். சரியாகிவிட்டதாம்.

ஜனவரி 31, புதன்

வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பிய கடிதங்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. கொலெட் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிளினிக்கில் எங்களுக்கெல்லாம் மேலாளர் அவள். நான் அழிக்கவில்லை. மருந்துப் பெயர்களின் எழுத்துகளைச் சரிபார்க்க வசதி என்று அக்டோபரிலிருந்து வைத்திருக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு கோப்புக்கும் நோயாளியின் பெயரையே பெயராக வைத்து, அகர வரிசையில். திருடனுக்கு விளக்குப் பிடித்தவள் நான். ஆர்னியை மட்டும் திட்ட வாய் வரவில்லை.

ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று பார்த்தேன். எல்லாம் நான் திறந்த நாட்கள்தான். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் ஜனவரி 25, வியாழன். அன்று நாங்கள் இருவரும் பகல் முழுக்க வீட்டில் இல்லை. எனக்குப் பல் மருத்துவர், ஆர்னி வண்டி ஓட்டினான். திரும்பி வந்ததும் ஆர்னிக்கு இணையம் கிடைக்கட்டும் என்று கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருந்தேன்.

மெல்னிக், ஓரெஸ்ட்.

படித்துவிட்டார். ஆறாம் தேதி டாக்டர் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியதை, என் டிஸ்கில், தனியாக உட்கார்ந்து படித்துவிட்டார்.

பிப்ரவரி 1, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் கொலெட்டோ என்று ஆர்னியை எடுக்கச் சொல்கிறேன். ஓரெஸ்ட் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை போகும். வழக்கு வரலாம். இந்த வீட்டுக்கு இப்போது வருவது என் சம்பளம் மட்டும்தான்.

"அவர் சொல்லணும்னு நெனச்சிருந்தா இதுக்குள்ள சொல்லியிருப்பாரு. எல்லாத்தையும் அழிச்சிடு. நாம வாயத் தொறக்க வேணாம்" என்கிறான் ஆர்னி.

"அவரு படிச்சது?"

"அவரு தேடிப் போய்த்தான படிச்சாரு?"

அப்படிப் பேசாதடா என்று கத்திவிட்டேன். கத்தினது அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. காலையில் நடைபாதையைப் பார்த்தேன். அவர் இன்றும் நம்முடைய பக்கத்தில் பனியைத் தள்ளியிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 3, சனி

போனேன். கையில் ஒரு டஜன் பெர்சியன் பன்கள், மேலே இளஞ்சிவப்புப் பாகு பூசியவை. மன்னிப்புக் கேட்க எதைக் கொண்டுபோவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

"ஷூவக் கழட்டாத, தரை ஜில்லுன்னு இருக்கு. உக்காரு" என்றார் ஓரெஸ்ட். டீ ஊற்றினார். சமையலறை மேசையில் புதுக் கம்ப்யூட்டர், கால்கரியிலிருந்து மகள் அனுப்பியது. அதற்குப் பக்கத்தில் சீட்டுக்கட்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "நான் தேடிக்கிட்டு வரலம்மா. கர்லிங் கிளப் நோட்டீஸ் அச்சடிக்கலாம்னு பாத்தேன். எங்கிட்ட பிரிண்டர் இல்ல, ஆனா அது ஒண்ணு இருக்குன்னு காட்டுச்சு. வருதா வருதான்னு அடிச்சுப் பாத்தேன். வரல."

"எங்க வீட்ல வந்துச்சு."

"அப்புறம்தான் புரிஞ்சுது. மறுநாள் பாத்தா உம் பேர்ல ஒரு பெட்டி. என் கம்ப்யூட்டருக்குள்ள இருந்தா எல்லாம் என்னோடதுன்னு நெனச்சேன். தொறந்தா பேரு பேரா இருக்கு. என் பேரும் இருந்துச்சு." டீயைக் கலக்கினார். சர்க்கரை போடவே இல்லை, கலக்கிக்கொண்டே இருந்தார். "தன் பேரப் பாத்தா யாரு தொறக்காம இருப்பா, சொல்லு."

அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"பாதி வார்த்தை புரியல. கடைசி வரி புரிஞ்சுது. நோயாளி இதை இன்னும் அறியார். அறியாதவன் உக்காந்து படிச்சிக்கிட்டிருக்கேன்." சிரித்தார், பிறகு இருமினார், இருமல் நிற்க நேரமானது. "வேற எதையும் தொறக்கல. அந்த பிக் டேவ் வந்து தொறந்து, நாளைக்குக் கடையில நின்னு படிச்சான்னா? அதான் கதவச் சாத்துன்னு அடிச்சேன். நேர்ல வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"உங்களுக்கா வெக்கம்" என்றேன்.

யாரிடமும் சொல்ல மாட்டாராம். என்னையும் சொல்லக்கூடாது என்றார், வேலை போய்விடும் என்று. பதிலுக்கு ஒன்று கேட்டார். "செவ்வாக்கெழம டாக்டர் சொல்றப்ப முதல் தடவையா கேக்கற மாதிரி உக்காரணும். எனக்கு நடிக்க வராது. கூட ஒரு ஆள் இருந்தா பரவால்ல. பொண்ணு தூரத்துல இருக்கா. வர்றியா?"

வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வரவேற்பு மேசையில் கொலெட் உட்கார்ந்திருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

"நீ எங்க இங்க?" என்று கொலெட் கேட்டாள். பக்கத்து வீடு என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நல்ல மனசு உனக்கு" என்றாள். முகத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஓரெஸ்ட் தலையை ஆட்டினார், கொஞ்சம் முந்தி ஆட்டிவிட்டார். டாக்டர் கவனிக்கவில்லை. அவர் ஒவ்வொரு வார்த்தை சொல்லும்போதும் என் விரல்கள் மடியில் தானாக அதைத் தட்டச்சு செய்தன. ஓரெஸ்ட் என் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கினார். யாருக்கு யார் துணை வந்தது என்று தெரியவில்லை.

வண்டியில் ஒன்றே ஒன்று சொன்னார். "அன்னிக்குத் தனியா படிச்சப்ப, கேள்வி கேக்க எதிர்ல ஆளில்ல. அதான் கஷ்டமா இருந்துச்சு."

பிப்ரவரி 8, வியாழன்

கொலெட்டிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கார்டுகள், டிக், அழிக்காத கோப்புகள், இருநூற்றுப் பன்னிரண்டு. ஓரெஸ்ட் பெயரை அவர் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். "நீ ஒரு கழுதை" என்றார் அவர், ஆனால் சரி என்றார்.

கொலெட் பேனாவை மூடினாள். "வெர்னா, இத நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும்."

"வீட்டுக்குப் போ. கூப்பிடுறேன்."

ஆர்னி சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

பிப்ரவரி 12, திங்கள்

தொலைபேசி அடிக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

அடிக்கவில்லை. நான்கு மணி ஆனால் அனுப்பக் கை பரபரக்கிறது. அனுப்ப ஒன்றுமில்லை.

மார்ச் 2, வெள்ளி

வேலையை விட்டு நீக்கவில்லை. வீட்டிலிருந்து தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். இனி கிளினிக்கின் நிலவறையில், ஜன்னல் இல்லாத அறையில், இணையமே இல்லாத கம்ப்யூட்டரில், பாதி நேர வேலை. என் முதல் வேலை: அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மன்னிப்புக் கடிதம். கொலெட் சொல்லச் சொல்ல நானே அடித்தேன்.

இன்னொரு விதி. தெரிந்தவர் யாருடைய பெயராவது டேப்பில் வந்தால் அந்த நொடியே நிறுத்தி டேப்பை அவளிடம் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் தெரியாதவர் யார் என்று கேட்டேன். "யாரச் சொல்றேன்னு உனக்கே தெரியும்" என்றாள்.

கடைகளில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாமவர் திருப்புவதற்குள் நான் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 20, செவ்வாய்

ஓரெஸ்டுக்கு ஆபரேஷன் முடிந்தது. இருமல் குறைவு. மெலிந்துவிட்டார். நடைபாதையில் ஆர்னி பனி தள்ளுகிறான், இரண்டு வீட்டுக்கும். மெஷின் தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறதாம்.

ஏப்ரல் 19, வியாழன்

போன வாரம் ஓரெஸ்டுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதா, பரவியிருக்கிறதா என்று அதில் தெரியும். செவ்வாய்க்கிழமை டாக்டர் சொல்வார். ஏழு நாளாக இரண்டு வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று டேப்பில் நான்காவது கடிதம். டாக்டர் தொண்டையைச் செருமினார். மெல்னிக், என்றார். ஓரெஸ்ட். ஸ்கேன் முடிவு, முக்காற்புள்ளி.

பாதம் பெடலில் இருந்தது. அறையில் யாரும் இல்லை. இன்னும் ஒரு விநாடி அமுக்கினால் போதும். நல்லதாக இருந்தால் இந்த ஏழு நாள் பாரம் இறங்கும். கெட்டதாக இருந்தால் ஐந்து நாள் முன்னதாக அவரைத் தயார்ப்படுத்தலாமே என்று மனம் எத்தனை சாக்கு சொன்னது. உள்ளங்கால் வியர்த்தது. நிஜமாகவே வியர்த்தது.

பாதத்தை எடுத்தேன். டேப்பைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் கொலெட்டின் மேசையில் வைத்தேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கேட்டேனா இல்லையா என்று தேடினாள் போல. பிறகு டேப்பை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

வரும் வழியில் ஓரெஸ்ட் வீட்டில் இறங்கினேன். கதவைத் திறந்தவர் வழக்கம்போல டீ என்று சொல்லவில்லை. என் கண்ணையே பார்த்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். டேப் எப்போது வரும் என்பதும்.

"ஏதாவது?" என்றார்.

"தெரியாது, ஓரெஸ்ட்."

"நெஜமாவா?"

"நெஜமா. உங்களுக்குத் தெரியறப்பதான் எனக்கும்."

கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. "அப்பாடா" என்றார். "பயமாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தடவ சேந்து பயப்படலாம்." உள்ளே போய்ச் சீட்டைக் கலைத்து, இரண்டு பேருக்கு ஆளுக்கு ஆறு சீட்டுப் போட்டார்.